ஏழாவது பத்தி

மில்லர்புரத்தில் என் வீட்டுக் கூடத்தில் கண்ணாடிச் சட்டம் போட்ட வாழ்த்துமடல் ஒன்று தொங்குகிறது. வருகிறவர்கள் எனக்குக் கொடுத்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது துறைமுகத்தை ஒட்டிய ஒரு பள்ளிக்கூடத்தில், நாற்பதுகளில், எங்கள் தலைமை ஆசிரியர் ஓய்வு பெற்ற நாளில் அவருக்குக் கொடுத்தது. அவர் அதை நாற்காலியிலேயே போட்டுவிட்டுப் போனார். நான் எடுத்துவந்தேன். மொத்தம் ஏழு பத்தி. தினமும் காலையில் காப்பி குடித்ததும் ஒரு தடவை படிக்கிறேன்.

அந்தப் பள்ளியில் வாசிப்புப் பாடம் என்றால் சத்தம். வகுப்பு முழுவதும் ஒரே குரலில் கத்த வேண்டும். வகுப்புகளுக்கு நடுவே ஓலைத்தட்டிதான் சுவர். தலைமை ஆசிரியர் தம் அறையில் சாய்ந்தபடி காதாலேயே மேற்பார்வை பார்ப்பார். சத்தம் வந்தால் பாடம் நடக்கிறது. நின்றால் வாத்தியார் உறங்குகிறார். அவர் கணக்கு அவ்வளவுதான்.

என் ஐந்தாம் வகுப்பில் நாற்பத்தொரு பேர். ஒரு பக்கத்தை மூச்சுவிடாமல் வாசிப்பார்கள். என்ன படித்தாய் என்று கேட்டால் விழிப்பார்கள். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டேன். பத்தி முடிந்ததும் விரலை அங்கேயே வைத்து, கண்ணை மூடி, மனசுக்குள் பத்து எண்ண வேண்டும். அதற்குள் தனக்குத்தானே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். இது நெசமா? எப்படித் தெரியும்? சொல்லாமல் விட்டது என்ன? நானும் கண்ணை மூடிக்கொள்வேன். நான் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்காகக் கேள்வி தயாரிப்பார்கள் என்பது என் எண்ணம். பதினோரு நாள் ஒன்றும் நடக்கவில்லை. பன்னிரண்டாம் நாள், 'சூரியன் நமக்கு உப்பைத் தருகிறான்' என்ற பத்தி முடிந்து கண்ணைத் திறந்தபோது, உப்பளத்தில் வேலை செய்கிறவளின் மகன் கையைத் தூக்கினான்.

"சூரியன் தருதுன்னா, எங்கம்மைக்கு எதுக்கு சார் காலு வெந்து கெடக்கு?"

அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் ஒன்பது நாள் நீடித்தது. முத்துக்குளிப்புப் பாடத்தின் மூன்றாம் பத்தி முடிந்து, ஆறோ ஏழோ எண்ணியிருப்பேன். கண்ணைத் திறந்தால் எதிரே தலைமை ஆசிரியர்.

"என்னவே, வகுப்போட சேந்து உறங்குதீரு?"

நான் வாயைத் திறப்பதற்குள், தோணி ஓட்டும் தண்டலின் மகள் எழுந்துவிட்டாள். "உறங்கல சார். கேள்வி கேக்கோம்."

"யாருட்டளா?"

"எங்ககிட்டயே சார்."

"அப்ப பதிலயும் நீங்களே சொல்லிக்கிடுங்க. இந்தாளு எதுக்கு இங்கன?"

நாற்பது பேர் சிரித்தார்கள். அவள் ஒருத்தி சிரிக்கவில்லை. அவர் தம் பதிவேட்டில் சிவப்பு மையால் எழுதினார்: 'ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் பாடவேளையில் மாணவர்களுடன் சேர்ந்து உறங்கக் கண்டேன்.' எட்டுச் சொற்கள். அடுத்த மாதம் வந்த இன்ஸ்பெக்டர் அதை எல்லா ஆசிரியர்களுக்கும் முன்னால் வாசித்தார். என்னிடமிருந்து ஐந்தாம் வகுப்பைப் பிடுங்கி, மூன்று வருஷம் ஒன்றாம் வகுப்பில் அனா ஆவன்னா சொல்ல வைத்தார்கள். வெற்றிலைக்கடை அண்ணாச்சிகூட, "சார், முழிச்சிருக்கியளா?" என்று கேட்டுவிட்டுத்தான் சுண்ணாம்பு தடவுவார்.

தலைமை ஆசிரியரை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் படிப்பவர்களுக்கு இதமாக இருக்கும். மன்னிக்கவில்லை. அவர் இறந்தபோது, நாலு தெரு தள்ளியிருந்தும் போகவில்லை.

பழிதீர்க்கும் நாள் அவருடைய பிரிவு விழாவாக வந்தது. வாழ்த்துமடலைத் தமிழாசிரியர் எழுதினார். வாசிக்கத் தண்டலின் மகளைத் தலைமை ஆசிரியரே தேர்ந்தெடுத்தார்; எட்டாம் வகுப்புக்கு வந்திருந்த அவளுக்குத்தான் கடைசி வரிசைவரை எட்டுகிற குரல். அவளைப் பழக்கும் வேலை, சும்மா இருப்பவன் என்று என் தலையில் விழுந்தது.

"நம்ம வகுப்புல செஞ்சமே, அதே மாதிரி வாசி" என்றேன். "பத்தி முடிஞ்சா நின்னு பத்து எண்ணு."

"பெரிய சார் முன்னாடி இருப்பாவளே?"

"இருக்கட்டும்."

பந்தலில் இருநூறு பேருக்குக் குறையாது. 'மாணவர் மீது பிரம்பை ஓங்கி அறியாதவர்' என்று முதல் பத்தியை முடித்து அவள் கண்ணை மூடினாள். ஒன்று, இரண்டு என்று நானும் எண்ணினேன். ஐந்தாவது எண்ணில், துறைமுகத்தில் மூட்டை தூக்கும் பழைய மாணவன் ஒருவன் தன் விரல் முட்டியைத் தடவிக்கொண்டான். எட்டில் யாரோ கனைத்தார்கள். 'ஏழை பணக்காரர் என்று பாராதவர்.' மறுபடியும் மௌனம். பெண்கள் பக்கத்திலிருந்து தெளிவாகக் கேட்டது: "அப்பம் எம்பிள்ளைய எதுக்குளா வெயில்ல நிப்பாட்டுனாவ?" 'உடன் பணியாற்றியவர்களைத் தம்பியராக நடத்தியவர்.' ஆசிரியர்கள் அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் அவரை மட்டும் பார்த்தேன். நாலாவது மௌனத்தில் அவர் மாலையைப் பிய்க்கத் தொடங்கினார். ஆறாவது முடியும்போது காலடியில் பதினேழு செவ்வந்தி இதழ்கள் கிடந்தன. அவர் என்னைப் பற்றி எழுதிய எட்டுச் சொற்களுக்கு அது போதாது, ஆனாலும் இனித்தது.

ஏழாவது பத்திக்காகக் காத்திருந்தேன். 'யுத்தத்தில் குண்டு விழும் என்று அஞ்சி ஊரே வெளியேறிய நாட்களில், ஒரு நாள்கூடப் பள்ளியைப் பூட்டாதவர்.' வாசித்தாள். நிற்கவில்லை. மடலைக் கொடுத்துக் கும்பிட்டுவிட்டு இறங்கிவிட்டாள். தலைமை ஆசிரியர், தமக்கு உடைத்து வைத்த கலர் சோடாவைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்.

கூட்டம் கலைந்ததும் அவளைப் பிடித்தேன். "ஏழாவதுல ஏன் நிக்கல? எண்ணிக்கை மறந்துட்டியா?"

"மறக்கல சார். வாசிக்கும்போதே கேட்டுப் பாத்துட்டேன். அது நெசந்தான? பெரிய சார்தான் தினம் மணியடிச்சாவ. அவியளே எல்லா வகுப்பும் எடுத்தாவ. நான் வந்தேன்லா." கொஞ்சம் தயங்கினாள். "நீங்கதான் அப்பம் ஊர்ல இல்லியே சார்."

இல்லைதான். ஆழ்வார்திருநகரியில் சித்தி வீட்டில் இருந்தேன். இருபத்துமூன்று நாள்.

இன்று காலையும் மடலைப் படித்தேன். ஆறு பத்தி முடிவிலும் நின்று, அந்தப் பந்தலைக் கண்ணுக்குள் கொண்டுவந்து, ஆறு முறையும் சிரித்தேன். அவள் நிற்காத இடத்தில் நான் நிற்கிறேன். கண்ணை மூடிப் பத்து எண்ணுகிறேன். பத்து முடிந்தும் கண்ணைத் திறப்பதில்லை.

காப்பித் தம்ளரை எடுக்க வந்த மருமகள் அடுக்களைப் பக்கம் திரும்பி மெதுவாகச் சொல்கிறாள்: "சத்தம் போடாதிய. மாமா உறங்குதாவ."