நாலு வரி அறிவியல்

அலுவலகத்தில் அவரை எல்லோரும் 'நாலு வரி' என்றுதான் கூப்பிடுவார்கள். செய்தித்தாளின் ஞாயிறு இணைப்புக்குப் பக்கம் கட்டுகிற வேலை, இருபத்தாறு வருடமாக. கட்டுரை, படம், விளம்பரம் எல்லாவற்றையும் எப்படிக் கணக்குப் போட்டு அடுக்கினாலும் பக்கத்தின் அடியில் எங்காவது ஒரு சந்து விழும். உடனே நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, "ஒரு நாலு வரி குடுங்கப்பா" என்று பொதுவாகக் குரல் கொடுப்பார். யாராவது கொடுப்பார்கள். ஆமையின் ஆயுள், நிலவின் எடை, தும்மலின் வேகம். இப்படி நாலு நாலு வரியாகச் சேர்ந்த அறிவு அவரிடம் ஏராளம் இருந்தது. எதைப் பற்றியும் ஐந்தாவது வரி மட்டும் தெரியாது.

அந்த வியாழக்கிழமை மத்தியானம் மெத்தை விளம்பரம் ஒன்று சொன்ன அளவைவிடக் குட்டையாக வந்து சேர்ந்தது. மூன்று மணிக்குப் பக்கம் அச்சகம் போயாக வேண்டும். அறிவியல் பகுதி எழுதுகிற பெண்ணுக்குப் பல்வலி, லீவு. உதவி ஆசிரியர் ஃபோனில் யாரிடமோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். இவர் குரல் கொடுத்துப் பார்த்தார், ஒருவரும் திரும்பவில்லை. அன்று காலை சமையலறைக் குழாய் விஷயமாக மனைவியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். அந்த நினைப்பிலேயே தட்டினார்:

'கோபம் வரும்போது இடது கையால் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தால் கோபம் 37 சதவீதம் குறைவதாக ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர். பழக்கமில்லாத கையைப் பயன்படுத்தும்போது மூளை திசைதிரும்புவதே காரணமாம்.'

முப்பத்தேழு, அவர் தினமும் வருகிற பஸ்ஸின் எண். 'காரணமாம்' என்று முடித்ததில் மனசாட்சிக்கும் கொஞ்சம் இடம் விட்டிருப்பதாக நினைத்தார். நாலு வரி கச்சிதமாக உட்கார்ந்தது. பக்கம் போய்விட்டது.

ஞாயிறு காலை மனைவி அதைச் சத்தமாகப் படித்தாள். அவள் தபால் அலுவலகக் கவுன்டரில் இருப்பவள். ஒரு நாளைக்கு நூறு பேரிடம் "பின்கோடு எங்க?" என்று கேட்டுக் கேட்டுக் கோபத்தில் தேர்ச்சி பெற்றவள்.

"ஏங்க, இதைப் பாத்தீங்களா? உங்க பேப்பர்லதான் வந்திருக்கு."

"ம்."

"என்ன 'ம்'? உருப்படியா ஒண்ணு போட்டிருக்காங்க, அதுக்கும் 'ம்'தானா?"

அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை, குழாய்க்காரன் வரவில்லை என்ற பேச்சில் அவள் முகம் சிவந்தது. சட்டென்று நிறுத்தினாள். உள்ளே போய், இடது கையால் டம்ளரைப் பிடித்து, கழுத்தில் கொஞ்சம் சிந்திக்கொண்டு தண்ணீர் குடித்துவிட்டு வந்து, "சரி, நாளைக்கு வரச் சொல்லுங்க" என்றாள். கல்யாணமான இருபத்து நாலு வருடத்தில் அவள் வாயிலிருந்து 'சரி' என்ற சொல் இவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை. அவர் வாயை மூடிக்கொண்டார். வீட்டில் மூன்று வாரம் அமைதி நிலவியது.

அந்த நாலு வரி அதற்குள் ஊரைச் சுற்றக் கிளம்பிவிட்டது. மனைவி வெட்டி எடுத்துக் கவுன்டர் கண்ணாடியில் ஒட்டினாள். அவளுடைய தம்பி ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் அதிகாரி. அங்கே மன அழுத்தப் பயிற்சி நடத்த வந்தவர் இதைத் திரையில் போட்டுக் காட்டினாராம்.

"நாப்பத்தொரு பர்சன்ட் குறையுதாம் மாமா" என்றான் மைத்துனன்.

"முப்பத்தேழுதானே?"

"அது பழைய ஆராய்ச்சி."

அடுத்த வாரம் ரத்த அழுத்தம் பார்க்கக் கிளினிக்குக்குப் போனார். டாக்டர் கைப்பட்டையைக் கழற்றிவிட்டு, "மாத்திரையை விடாம போடுங்க. டென்ஷன் ஆனா இடது கையால கொஞ்சம் தண்ணி குடிச்சுப் பாருங்களேன்" என்றார்.

"யார் சொன்னது டாக்டர்?"

"ரிசர்ச் இருக்கு."

கைப்பட்டையை மறுபடி மாட்டியிருந்தால் டாக்டர் மருந்தை இரட்டிப்பாக்கியிருப்பார். காது மடல் சுட, படி இறங்கினார். அதுவரை அந்தப் பொய்யை அவர் ஒரு அளவாகத்தான் பார்த்திருந்தார்: இரண்டு அங்குல அகலம், அரை அங்குல உயரம். அது கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் மாட்டிக்கொண்டு தனக்கே புத்தி சொல்லும் என்று எதிர்பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தபோது உட்கார்ந்து சொல்லிவிட்டார்.

"அந்த இடது கை விஷயம்... அது நான் எழுதினது."

"நீங்கதானே பக்கம் கட்டுறீங்க, தெரியுமே."

"கட்டினது இல்ல. எழுதினது. அப்படி ஒரு ஆராய்ச்சியே கிடையாது."

அவள் தலையணை உறையைக் கீழே வைத்தாள். "அப்போ எனக்குக் கோபம் குறைஞ்சது?"

"எழுந்து போய்த் தண்ணி எடுத்துட்டு வர்ற நேரத்துல தானா ஆறியிருக்கும்."

"ஓ. இதையும் ஆராய்ச்சி பண்ணித்தான் சொல்றீங்களா?"

அவளுக்குக் கோபம் வந்தது. விறுவிறுவென்று சமையலறைக்குப் போனாள். டம்ளரை எடுத்தவள் எந்தக் கையால் குடிப்பது என்று தெரியாமல் சற்று நின்றாள். பிறகு இரண்டு கைகளாலும் பிடித்துக் குடித்தாள். திரும்பி வந்து, "மூணு வாரம் என்னை முட்டாளாக்கி வேடிக்கை பாத்திருக்கீங்க" என்றாள். வேடிக்கை பார்க்கவில்லை, நிம்மதியாக இருந்தேன் என்று சொல்ல நினைத்தார். அது இன்னும் மோசம் என்று பட்டதால் விட்டுவிட்டார்.

மறுநாள் ஆசிரியரிடம் போய் நின்றார். ஆசிரியர் முழுவதையும் கேட்டார்.

"யாராவது புகார் பண்ணாங்களா?"

"இல்ல சார்."

"இந்த வருஷம் இணைப்புக்கு வந்த பாராட்டுக் கடிதம் மொத்தம் ஆறு. அதுல அஞ்சு இதுக்குத்தான் வந்திருக்கு. திருத்தம் போட்டே ஆகணுமா?"

"போடணும் சார்."

திட்டு இரண்டு நிமிடம் நடந்தது. எழுத்து மூலம் ஒரு எச்சரிக்கையும் வந்தது. திருத்தம் அடுத்த ஞாயிறு வெளியானது. 'இடது கை குறித்த தகவலுக்கு ஆதாரம் இல்லை, வருந்துகிறோம்.' அதை அவரே பக்கத்தில் வைத்தார். அதற்கு இடம் பண்ண, ஒரு நத்தையைப் பற்றிய செய்தியை எடுக்க வேண்டியிருந்தது.

மைத்துனன் அன்றே ஃபோன் பண்ணினான். "யாரோ அழுத்தம் குடுத்திருக்காங்க மாமா. மாத்திரை விக்கிறவங்க வேலையாத்தான் இருக்கும்."

"நான்தான்டா பொய்யா எழுதினேன்."

"உங்களை அப்படிச் சொல்ல வச்சிருக்காங்க பாருங்க" என்றான் அவன், உண்மையான வருத்தத்துடன்.

பயிற்சியாளர் திரையிலிருந்து அதை எடுக்கவில்லை. டாக்டர் அதைச் சொல்வதை விட்டாரா என்று கேட்க இவருக்குத் தைரியம் வரவில்லை. மனைவி கவுன்டர் கண்ணாடியிலிருந்து கிழித்துப் போட்டாள். இரண்டு வாரத்துக்கு மேல் அவருடன் தேவைக்கு மட்டும் பேசினாள்.

திருத்தத்துக்கு ஒரே ஒரு கடிதம் வந்தது. நடுங்கும் கையெழுத்து. எழுதியவர் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். 'நான் பிறவியிலேயே இடது கைக்காரி. அறுபத்தெட்டு வருடமாக இடது கையால்தான் தண்ணீர் குடிக்கிறேன். எனக்குக் கோபம் குறைந்ததே இல்லை. உங்கள் செய்தியைப் பார்த்தபோது எனக்குத்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். திருத்தம் படித்ததும் நிம்மதி. நன்றி.'

அதை வீட்டுக்கு எடுத்துப்போய் மனைவியிடம் நீட்டினார். படித்தாள். மறுபடியும் படித்தாள். பதினாறு நாளில் முதல் முறையாக அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"அந்தம்மாவுக்கு என்ன கோபமாம்? யார் மேல?"

"எழுதலியே."

"அதானே முக்கியம். அதை விட்டுட்டாங்க பாருங்க. கேட்டு எழுதுங்க."

அவர் கேட்டு எழுதினார். இருபத்தாறு வருடத்தில் வாசகருக்கு அவர் எழுதிய முதல் கடிதம் அது. முகவரியையும் பின்கோடையும் மனைவி சரிபார்த்தாள். பத்தாம் நாள் பதில் வந்தது, பதினோரு பக்கம். சனிக்கிழமை மத்தியானம் இருவரும் மேஜையில் உட்கார்ந்தார்கள். மனைவி சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். மூன்றாம் பக்கத்தில் அந்த அம்மாவின் அண்ணன் வந்ததும், "இவனை என்னங்க பண்ணலாம்?" என்று நிறுத்தினாள்.

"நீ மேல படி" என்றார் அவர்.