நாய்க்கு ஸ்பானிஷ்

கப்பல் வேலையை விட்டு வந்து, 1991இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் ஸ்பானிஷ் பள்ளி தொடங்கினேன். சேர்ந்தவர் ஒரே ஒருவர். ராஜபாளையத்தில் நாய் வளர்க்கும் சங்கிலிப்பாண்டி, வயது ஐம்பத்திரண்டு.

"வணக்கம், சௌக்கியமா எல்லாம் வேண்டாம் சார். உக்காரு, வா, கடிக்காத... அம்புட்டுதான்," என்றார்.

ஸ்பெயின்காரர் ஒருவர் அவரிடம் வெள்ளைக் குட்டி ஒன்று கேட்டிருந்தாராம். ஆறு மாதத்தில் வந்து கூட்டிப்போவாராம்.

"பாஷை தெரியாத ஊர்ல போயி புள்ள முழிக்கக் கூடாதுல்ல?"

பதினோரு வருடம் கடலில் அலைந்து கற்ற மொழி, கடைசியில் நாய்க்கா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வேறு மாணவர் இல்லையே!

தினமும் பஸ்ஸில் வந்தார். திரும்பும்போது பாடத்தை உரக்கச் சொல்லிப் பார்ப்பாராம். பக்கத்து சீட்டில் யாரும் உட்காருவதில்லை. குட்டியிடம் ஒரு வார்த்தை தமிழ் பேசக் கூடாதென்று மனைவி முத்தாத்தாளுக்கும் உத்தரவு. குட்டி அவரைவிட வேகமாகக் கற்றது.

"நாளைக்கு 'போ' சொல்லித் தாரேன்," என்றேன் ஒருநாள். மறுநாளிலிருந்து ஆளைக் காணோம்.

ஸ்பெயின்காரர் வந்தபோது நானும் ராஜபாளையம் போயிருந்தேன். "வா," என்று அவர் தம் மொழியில் அழைத்தார். நாய் காதை நிமிர்த்தியது. புரிந்துவிட்டது. ஆனால் நகரவில்லை, சங்கிலிப்பாண்டியின் முகத்தையே பார்த்தது.

"நீங்க போகச் சொன்னாத்தான் போகும் போல," என்றேன்.

அவர் நாயின் கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"அந்தப் பாடத்துக்கு நான் வரலையே சார்."