அரை மணித்தியாலம் பிழைத்த மாப்பிள்ளை

இணுவில் டிலக்ஷன் ஜெர்மனியில் என்ன வேலை செய்கிறான் என்று ஊருக்கு விளங்கப்படுத்துவது, அந்த வேலையைச் செய்வதைவிடக் கஷ்டம். ஆள் பௌதிகவியலாளன். அணு மணிக்கூட்டோடு மாரடிக்கிறவன். கோடி வருடம் ஓடினாலும் ஒரு செக்கன் பிழைக்காத மணிக்கூடு அது. இதைக் கேள்விப்பட்ட பக்கத்து வீட்டுக்காரர், தன் சுவர் மணிக்கூட்டைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார், திருத்தித் தரட்டாம்.

சாமி, சாத்திரம் ஒன்றிலும் தனக்கு நம்பிக்கையில்லை என்று தாய் சிவகௌரிக்கு ரெலிபோனில் வாய் கிழியச் சொல்லுவான். ஆனால் மேசை லாச்சிக்குள் இருக்கிற கந்தசாமி கோவில் திருநீற்றில் ஒரு துளி பூசாமல் லேசரில் கை வைக்கமாட்டான். கூட வேலை செய்யும் வெள்ளைக்காரன் கேட்டதற்கு, தலையிடி மருந்து என்றான். அப்படிப்பட்ட வீரன்.

இந்தமுறை லீவில் வந்தது கலியாணத்துக்கு நாள் வைக்க. பெண் கரவெட்டித் தர்சிகா, கணித ரீச்சர். எட்டு மாதம் வட்ஸ்அப்பில் கதைத்ததில், இவளை விட்டால் வேறொருத்தி வேண்டாம் என்ற நிலைக்கு வந்திருந்தான். சாதகக் குறிப்பும் பொருந்திவிட்டது. அந்த நேரம் பார்த்துப் பெண்ணின் தகப்பன் அருளம்பலம் போன் எடுத்தார். தம்பி பிறந்த நேரம் காலை ஆறு பத்து என்று கிடக்கிறதே, அது பழைய நேரமா, புது நேரமா?

தொண்ணூற்றாறில் அரசாங்கம் நாட்டு மணிக்கூடுகளை முன்னுக்குத் தள்ளிவிட்டது. பிறகு பத்து வருடம் அவை அரை மணித்தியாலம் முந்தி ஓடின. அரசாங்கக் கந்தோரும் ஆமியும் புது நேரம். கோவிலும் சாத்திரியாரும் பழைய நேரம். டிலக்ஷன் பிறந்தது தொண்ணூற்றேழில். ஆறு பத்து பழைய நேரம் என்றால் திருவாதிரை, எல்லாம் பொருத்தம். புது நேரம் என்றால் அரை மணித்தியாலம் பின்னுக்குப் போய் மிருகசீரிடம். தர்சிகா சித்திரை. இரச்சுப் பொருத்தம் தட்டும், மாப்பிள்ளைக்கு ஆயுள் கெட்டியில்லை என்பார்கள். கலியாணம் அம்போ.

சாத்திரத்தைத் தூக்கிக் குப்பையில் போட வேண்டிய விஞ்ஞானி என்ன செய்தான்? கொப்பியும் பேனையுமாக உட்கார்ந்து பெற்றாரை விசாரித்தான். தகப்பன் சுதாகரனுக்கு ஒன்றும் ஞாபகமில்லை. தாய்க்கு எல்லாம் ஞாபகம்.

"ஐஞ்சு மணிக்கு ஊரடங்கு எடுத்தவங்கள். உடனை கொப்பர் என்னைச் சைக்கிளிலை ஏத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினவர். ஒரு மணித்தியாலத்திலை நீ பிறந்திட்டாய்."

ஊரடங்கு எடுத்தது ஆமி. ஆமியின் ஐந்து மணி புது நேரம். அப்படியென்றால் ஆறு பத்தும் புது நேரம். பிழை ஏதும் கிடைக்காதா என்று திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்தான், கணக்கு சுத்தமாகவே வந்தது. கொப்பியை எட்டிப் பார்த்த தகப்பன் சொன்னார்: "எட தம்பி, பழைய நேரம் எண்டு சொல்லு. ஆர் கண்டது?"

அப்படியே சொல்லுவது என்ற முடிவோடுதான் திங்கட்கிழமை காலை கரவெட்டிக்குப் போனார்கள். தேத்தண்ணியும் பயத்தம் பணியாரமும் வந்தன. தர்சிகா குசினி வாசலில் நின்றாள். அருளம்பலம் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குறிப்பை விரித்தார். டிலக்ஷன் வாயைத் திறந்தான். பொய்யான அளவு ஒன்றை வாழ்நாளில் சொல்லியறியாத வாய் அது.

"புது நேரம், மாமா," என்றான். அதோடு விட்டானா? ஊரடங்கு, சைக்கிள், ஆஸ்பத்திரி என்று ஆதாரத்தையும் வரிசையாக எடுத்து வைத்தான். சுதாகரன் மேசைக்குக் கீழே மகனின் காலை மிதித்தார். அருளம்பலம் குறிப்பை மடித்தார். தர்சிகாவின் கண் கலங்கியதைக் கண்டதும், தன்னைப்போல் ஒரு விசரன் உலகத்தில் இல்லை என்று நினைத்தான்.

பெண்ணின் தாய் குணலட்சுமி, "இஞ்சருங்கோ, எங்கடை பிள்ளையின்ரை நேரத்தையும் ஒருக்கால் கேளுங்கோவன்," என்றார். அதில் கேட்க என்ன இருக்கிறது, ஏழு இருபது என்று எழுதிக் கிடக்கிறதே என்றார் அருளம்பலம்.

"எழுதினது நான். அவள் வீட்டிலை பிறக்கேக்கை நீங்கள் கொழும்பிலை. பற்றரி இல்லாமல் எங்கடை மணிக்கூடு மூண்டு மாசமா நிண்டு போய்க் கிடந்தது. நான் வெய்யிலைப் பாத்து எழுதினனான்."

இவ்வளவு காலமும் மகளின் நட்சத்திரத்துக்கு மாதாமாதம் அர்ச்சனை செய்த மனிதர், பணியாரத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தன்ரை கலியாணம் குழம்பும் எண்டு தெரிஞ்சும் பொய் சொல்லேலாத பொடியன்," என்றார் குணலட்சுமி. "எனக்கு உந்த ஒரு பொருத்தமே காணும்."

அருளம்பலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவசரப்படாமல் திரும்பவும் மாட்டினார். பிறகு, "தம்பி, இப்ப நேரம் என்ன?" என்று கேட்டார்.

டிலக்ஷன் கையைப் பார்த்தான். வந்து நாலு நாளாகியும் கைமணிக்கூடு ஜெர்மனி நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. பதற்றத்தில் அவனுக்குக் கூட்டவும் வரவில்லை, கழிக்கவும் வரவில்லை.

"தெரியேல்லை, மாமா."

"ஒம்பது பத்து," என்றாள் தர்சிகா, குசினி வாசலில் இருந்து.

"அப்ப ராகுகாலம் முடிஞ்சுது," என்று அருளம்பலம் நாள் வைக்கக் கலண்டரைக் கழற்றினார்.