சொட்டு அண்ணனின் வலது கால்

சிவப்பு விளக்கு இருநூறு மீட்டர் தள்ளித் தெரியும்போதே சொட்டு அண்ணனின் வலது கால் ஆக்சிலரேட்டரை விட்டு எழுந்துவிடும். பின்னால் வருகிறவர்கள் ஹாரனை அழுத்தி உயிரை வாங்குவார்கள். யாராவது ஒருவர் சீறிக்கொண்டு முந்திப் போய், விளக்கின் அடியில் சடாரென்று பிரேக் போட்டு நிற்பார். சொட்டு அண்ணன் உருண்டு உருண்டு அங்கே வந்து சேரவும் விளக்கு பச்சையாகவும் சரியாக இருக்கும். நிற்காமலே அவரைக் கடந்து போவார். திரும்பி ஒரு பார்வை பார்க்கமாட்டார்; அந்த நாகரிகம் அவரிடம் உண்டு. "அவசரமா போய் நிக்கிறதுக்கு எதுக்குப் பெட்ரோலு?" என்று ஸ்டியரிங்கிடம் மட்டும் சொல்லிக்கொள்வார்.

அவர் ஓட்டுவது செயற்கைப் பல் செய்யும் கூடம் ஒன்றின் கார். பல் மருத்துவர்கள் எடுத்து வைத்திருக்கும் வாய் அச்சுகளை வாங்கி வர வேண்டும். செய்து முடித்த பல் செட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பின்சீட்டில் சின்னச் சின்ன டப்பாக்கள் அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் அடுத்த வாரம் முறுக்குக் கடிக்கப் போகிற பற்கள். திருப்பங்களில் அவை ஒன்றோடொன்று இடித்து லேசாகக் கிடுகிடுக்கும். இவர் வண்டியில் மட்டும் அந்தச் சத்தம் கேட்காது.

கூடத்தில் ஆறு கார்கள், ஆறு ஓட்டுநர்கள். மாதக் கடைசியில் மேனேஜர் அம்மா அறிவிப்புப் பலகையில் ஒரு தாளை ஒட்டுவார். யார் வண்டி லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று அதில் வரிசையாக இருக்கும். முதலில் வருகிறவருக்குப் பணமோ கோப்பையோ கிடையாது. வாசலை ஒட்டிக் கூரை போட்ட இடம் ஒன்று இருக்கிறது. அடுத்த மாதம் முழுக்க அங்கே அவர் காரை நிறுத்திக்கொள்ளலாம். மற்ற ஐந்து கார்களும் வெயிலில் வேகும். போன வருடம் வரை பதினோரு வருடமாக அந்தக் கூரையடியில் வேறு வண்டி நின்றதில்லை. 'ஒரு சொட்டு வீணாகக் கூடாது' என்று வாய்க்கு வாய் சொல்லிச் சொல்லியே மனிதருக்குப் பெயர் சொட்டு அண்ணன் என்று ஆகிவிட்டது. அவரைவிட மூத்த கணக்கர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்.

ஒல்லியான ஆள், ஐம்பத்தாறு வயது. தேய்ந்து தாள் மாதிரி ஆன கான்வாஸ் ஷூதான் போடுவார். "தடியான செருப்புப் போட்டா மிதி சொல்றது காலுக்குக் கேக்காது" என்பார். வீட்டிலும் இதே கதைதான். முட்டை வேகுமுன்பே அடுப்பை அணைத்துவிடுவார். மிச்சத்தை வெந்நீர் பார்த்துக்கொள்ளுமாம். பெரிய கடைக்குப் போனால் தள்ளுவண்டியை ஒரே ஒரு தள்ளு தள்ளிவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதன் பின்னே நடப்பார். நூலகத்தில் வேலை பார்க்கும் அவர் மனைவி அந்த நேரத்தில் நாலடி தள்ளி, யாரோ எவரோ என்பது போல வருவார்.

அவருடைய பெருமையெல்லாம் ஓர் இறக்கத்தில் இருந்தது. தண்ணீர்த் தொட்டி மேட்டிலிருந்து ரயில்வே கேட் வரை ஒன்றரைக் கிலோமீட்டர். மேட்டின் உச்சியைத் தொட்டதும் கை தானாகப் போய் கியரை நியூட்ரலில் தள்ளும். "இனிமே கீழ வரைக்கும் ஓசி" என்று சாய்ந்து உட்கார்வார். வேலைக்குச் சேர்ந்த ஒவ்வொரு ஓட்டுநருக்கும் பக்கத்தில் ஒரு வாரம் உட்கார்ந்து அந்த நியூட்ரல் வித்தையைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அவர்களில் இன்னும் வேலையில் இருந்த நாலு பேரும் அப்படித்தான் உருட்டிவந்தார்கள்.

போன வருடம் பழைய கார்களை எல்லாம் கழித்துவிட்டுப் புதுசாக ஆறு வாங்கினார்கள். அதே சமயம் ஓய்வு பெற்றுப் போன ஒருவரின் இடத்துக்கு ஒரு பெண் வந்து சேர்ந்தாள். முன்பு பள்ளி வேன் ஓட்டியவள். எனக்கு எல்லாம் தெரியும் என்று சிரித்துக்கொண்டே அவள் சொன்னதால், அந்த ஒரு வாரப் பாடம் அவளுக்கு மட்டும் நடக்கவில்லை. முதல் மாதப் பட்டியலில் முதலிடம் அவளுக்கு. இரண்டாவதாகச் சொட்டு அண்ணன்.

பலகையின் முன்னால் நின்றவரின் முகத்தில் ஈயாடவில்லை. தப்பாக எழுதியிருப்பார்கள் என்று நினைத்தார், எழுத்தில் தப்பில்லை. அவளுக்குக் கிடைத்த பாதை சமதளம் என்றார். மேனேஜர் அம்மா பாதைகளை மாற்றிக் கொடுத்தார். அடுத்த மாதமும் அவள்தான். மனிதர் தினமும் டயரில் காற்றுப் பார்த்தார். ஏசியைத் தொடவே இல்லை. காரிலிருந்த குடை, கால்விரிப்பு, பழைய துணி எல்லாம் பாரம் என்று வீட்டுக்கு வந்து சேர்ந்தன. "அடுத்து அந்த மூக்குக் கண்ணாடியையும் கழட்டி வச்சுட்டுப் போங்க" என்றார் மனைவி. மூன்றாவது மாதமும் கூரையடியில் அவள் கார்தான் நின்றது. வெயிலில் நின்ற தன் காரின் கதவைத் தொட்டால் சுட்டது. அதைவிட, பதினோரு வருடம் சம்பாதித்த பெயர் போகிறதே என்பதுதான் அவருக்கு அதிகம் சுட்டது.

வண்டி விஷயத்தில் அவர் யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லை. நாலாம் மாதத்தின் முதல் வாரத்தில், வெட்கத்தை விழுங்கிக்கொண்டு அவளிடம் போனார். தன் வண்டி சர்வீஸுக்குப் போயிருப்பதாகவும், இன்று ஒரு நடை கூட வருவதாகவும் சொன்னார். அவர் வண்டி அவளுக்கு நேர் எதிரே, பத்தடியில் நின்றுகொண்டிருந்தது. அவள் அதை ஒரு தரம் பார்த்தாள். "ஏறுங்கண்ணே" என்று கதவைத் திறந்துவிட்டாள்.

வழியெல்லாம் அவள் காலையே பார்த்துக்கொண்டு வந்தார். அதே நிதானம், அதே முன்கூட்டிக் கால் எடுக்கும் பழக்கம். குறை சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீர்த் தொட்டி மேடு வந்தது. அவள் கை கியருக்குப் போகவில்லை. சொட்டு அண்ணனால் பொறுக்க முடியவில்லை.

"இறக்கம்மா. நியூட்ரல்ல போடு."

"வேணாண்ணே. புது வண்டியில கியர்லயே விட்டுட்டுக் கால மட்டும் எடுத்தா, சக்கரமே எஞ்சினைச் சுத்த வச்சுக்கும். பெட்ரோலை வண்டியே நிறுத்திடும். நியூட்ரல்ல போட்டா எஞ்சின் அணையாம இருக்கணுமில்ல? கீழ வரைக்கும் குடிச்சுக்கிட்டே வரும். வேனை ரிப்பேருக்கு விட்டப்ப மெக்கானிக் கம்ப்யூட்டர்ல காட்டினாரு. இதுல வண்டியும் கைக்குள்ள நிக்கும்."

பழைய வண்டியில் தான் செய்தது சரிதான் என்று ஒரு பக்கம் அவர் மனசு வாதாடியது. புது வண்டியில் ஒரு நாளைக்கு நாலு தரம் அந்த இறக்கத்தில் சொட்டுச் சொட்டாக விட்டிருக்கிறோமே என்று இன்னொரு பக்கம் கணக்குப் போட்டது. இதை மற்றவர்களிடம் சொன்னாயா என்று ரயில்வே கேட் வந்ததும் கேட்டார்.

"இல்லண்ணே. நீங்க சொல்லிக் கொடுத்ததுன்னு சொன்னாங்க. நான் எப்படிச் சொல்றது?"

அதன் பிறகு மூன்று வாரம் சொட்டு அண்ணனும் சொல்லவில்லை. மேட்டின் உச்சியில் பழக்கதோஷத்தில் எழும் கையை அடக்கிக்கொண்டு, கியரிலேயே இறங்கினார். காரின் சின்னத் திரையில் எண் ஏறியது. ஒரே மாதத்தில் அவளைத் தாண்டிவிடலாம் என்று கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. வித்தை இரண்டு பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருத்தி வாய் திறக்கப் போவதில்லை. மனிதர் வீட்டில் சீட்டியடித்தபடி முட்டை வேக வைத்தார்.

பட்டியலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது மதியச் சாப்பாட்டு வேளையில் ஐந்து ஆண்களும் ஓட்டுநர் அறையில் இருந்தார்கள். அவர்களில் உருவத்தில் பெரியவர், எல்லோரும் மாப்பிள்ளை என்று கூப்பிடுகிறவர், மாதா மாதம் பட்டியலில் கடைசி. அவர் சோற்றைப் பிசைந்தபடி சொன்னார்: "நீங்க சொன்ன மாதிரிதாண்ணே நியூட்ரல்ல உருட்டுறேன். எங்கயும் ஏற மாட்டேங்குது. எனக்குக் கால் வரல, அவ்வளவுதான்."

சொட்டு அண்ணன் பாதியிலேயே சாப்பாட்டு டப்பாவை மூடினார். மாப்பிள்ளையின் காலில் ஒரு குறையும் இல்லை என்பது அவருக்குத்தான் தெரியுமே. கை கழுவிவிட்டு வந்தவர், எல்லோரையும் வாசலுக்கு வரச் சொன்னார். கூரையடியில் காரைத் துடைத்துக்கொண்டிருந்த அவளையும் கூப்பிட்டார். தன் சாவியை அவள் கையில் வைத்தார்.

"என் வண்டியில ஓட்டிக் காட்டு. எனக்குக் காட்டின மாதிரியே."

அவள் தயங்கினாள். இத்தனை பேரை ஏற்றினால் இந்த மாதம் உங்கள் எண் என்னாவது, என் வண்டியை எடுக்கிறேனே என்று மெதுவாகக் கேட்டாள். அவர் நாலு பேர் பக்கமும் திரும்பினார். "அந்த இறக்கத்துல நான் சொல்லிக் கொடுத்தது இந்த வண்டிக்குத் தப்பு. தங்கச்சி ஓட்டுறதைப் பாருங்க" என்றார். நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை மட்டும் தன் காலைக் குனிந்து பார்த்துவிட்டு, முகம் மலர முதலில் ஏறினார்.

பின்சீட்டில் மூன்று பேர், முன்னால் ஒருவர். டயர்கள் அமுங்கின, வண்டியே ஒரு சாண் இறங்கியது போல இருந்தது. சொட்டு அண்ணனுக்கே இடமில்லை. மாப்பிள்ளையின் பக்கத்துக் கதவு சாத்த வரவில்லை. சொட்டு அண்ணன் இரண்டு கையாலும் அழுத்தி அதைச் சாத்தினார். பிறகு காரின் கூரையில் இரண்டு தட்டுத் தட்டினார்.