நன்றி கேட்ட குற்றத்துக்கு ஒரு விளக்கம்

அநியாயம் நடந்தது எனக்கு. செய்தவர் விழுப்புரத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மண்டி வைத்திருக்கும் முதலாளி ஒருவர். 'டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்க்கும் ஒரு பெண், நன்றி சொல்லச் சொல்லி எங்களை வற்புறுத்துகிறார்' என்று மேலிடத்துக்குப் புகார் எழுதிப் போட்டுவிட்டார். அந்தப் பெண் நான்தான். ஏழு நாளுக்குள் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும். தந்த விளக்கம் பிடிக்காவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டும். தத்துவத்தில் பி.ஏ. முடித்துவிட்டு, எம்.ஏ. படிப்புக்குப் பணம் சேர்க்கத்தான் இந்தத் தற்காலிக வேலைக்கு வந்தேன். வேலை போனால் எம்.ஏ.வும் போச்சு.

டெலிபோன் ஆபரேட்டர் வேலை என்பது ஊரார் எல்லோருடைய பேச்சுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, யார் பேச்சிலும் இல்லாமல் இருப்பது. பஸ் கண்டக்டர்களே, போஸ்ட் ஆபீஸ் ஜன்னலுக்குப் பின்னால் இருப்பவர்களே, ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதிக் கை ஓய்ந்தவர்களே, என் கட்சி உங்களுக்குப் புரியும். நடந்ததைச் சொல்கிறேன், நியாயத்தை நீங்களே சொல்லுங்கள்.

டக்

மல்லாட்டை சீசனில் மெட்ராஸுக்கு டிரங்க் கால் பதிவு செய்தால் ஒன்றரை மணி நேரம், இரண்டு மணி நேரம் ஆகும். அந்த நேரமெல்லாம் நாங்கள் சும்மா இருப்பதாக ஊரில் நினைப்பு. தலையில் இரும்புப் பட்டை, காதில் ஹெட்போன், கையில் பிளக், 'ஹலோ திண்டிவனம், ஹலோ செங்கல்பட்டு' என்று தொண்டை கட்டுகிறவரை கெஞ்சித்தான் லைன் வாங்குகிறோம். வாங்கிக் கொடுத்தால், பேசி முடித்தவரிடமிருந்து நமக்குக் கிடைப்பது ஒரே சத்தம்: டக்.

பக்கத்து நாற்காலி ஸ்டெல்லாவுடையது. திண்டிவனத்துப் பெண், என்னைவிட இரண்டு வயது பெரியவள், தினமும் பாசஞ்சரில் வந்து போகிறவள். ஷிப்ட் முடிந்ததும், கால் பதிவு செய்து வீணாய்ப் போன டிக்கெட்டின் பின்புறத்தில், அன்றைக்கு நல்லதாக நடந்த ஒன்றை ஒரு வரி எழுதி, மடித்து டிபன் டப்பாவுக்குள் போட்டுக்கொள்வாள். 'செங்கல்பட்டு முதல் தடவையே கிடைத்தது.' 'ஸ்டேஷனுக்குள் போன பிறகுதான் மழை வந்தது.' இப்படி எழுதினால் மனசு லேசாகிறது, தலைவலி வருவதில்லை என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உழைக்கிறதும் நாம், நன்றி பாராட்டுகிறதும் நாமா? உழைப்பை வாங்கிக்கொண்டவன் அல்லவா அதைச் சொல்ல வேண்டும்? ஆளாளுக்கு டிபன் டப்பாவில் திருப்தியை மூடி எடுத்துப் போனால் உலகத்தில் எந்த அநியாயம் திருந்தும்? இருபது நிமிஷம் பேசினேன். அவள் முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "நீ பேசிக்கினே இருந்ததுல என் டிரெயின் போயிடுச்சு வசந்தா. 'டிரெயினுக்கு நேரம் இருக்கு'ன்னு இன்னிக்கு எழுதினத அடிச்சுட்டு வேற எழுதணும்."

இடது பக்கம், வலது பக்கம்

வாதம் என்றால் ஆதாரம் வேண்டும். ஒரு நோட்டு வாங்கினேன். இடது பக்கம் நன்றி சொல்லாதவர்கள், வலது பக்கம் சொன்னவர்கள். பத்து நாளில் இடது பக்கங்கள் நிறைந்து வழிந்தன. வலது பக்கத்தில் ஒரே ஒருவர், பாங்க் ஏஜெண்டு. அவரும் நம்பர் கிடைத்தாலும் 'தேங்க் யூ', கிடைக்காவிட்டாலும் 'தேங்க் யூ', தப்பு நம்பர் விழுந்தாலும் 'தேங்க் யூ'. அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்கே சந்தேகம்.

ஸ்டெல்லா நோட்டைப் புரட்டினாள். கெடார் பக்கத்து ரைஸ் மில்காரர் பெயர் இடது பக்கத்தில் இருந்தது. அதன்மேல் விரலை வைத்தாள். "குரல் கம்மியா இருக்கே, சுக்கு தட்டிப் போட்டுக் குடிம்மான்னு உன்னாண்ட சொன்னாரே, இவரு எப்படி இந்தப் பக்கம் வந்தாரு?" என்று கேட்டாள். அவர் வைத்தியம் சொன்னார், நன்றி சொல்லவில்லை என்றேன். இரண்டும் வேறு வேறு என்று விளக்கவும் ஆரம்பித்தேன். அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எழுந்தாள்: "அப்ப நடுவுல ஒரு பக்கம் விடு. நான் டிரெயினைப் பிடிக்கிறேன்."

கேட்டால்தான் கிடைக்கும்

நடுவில் பக்கம் விடுகிற ரகம் இல்லை நான். உரிமையைக் கேட்டு வாங்குவது என்று தீர்மானித்தேன். பேசி முடித்தவர்கள் 'டக்' என்று வைப்பதற்குள், "இவ்வளவு நேரம் போராடி லைன் வாங்கிக் கொடுத்தேனே, ஒரு வார்த்தை நன்றி சொல்லக் கூடாதா?" என்று மரியாதையாகவே கேட்டேன். ஒரு வக்கீல் குமாஸ்தா மிரண்டே போனார். மறுநாளிலிருந்து கால் பதியும்போதே ஒப்பிப்பார்: "நன்றிங்க, நன்றிங்க, நன்றிங்க. செங்கல்பட்டுக்காரங்களுக்கும் சேர்த்துச் சொல்லிட்டேன். ஜல்தியா லைனைக் குடுத்துடுங்க." கேட்டு வாங்கிய நன்றியில் இவ்வளவுதான் ருசி என்பது அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

உறைக்கவில்லை. மண்டி முதலாளியிடமும் கேட்டேன். மெட்ராஸ் எண்ணெய் மில்லுக்கு இரண்டு மணி நேரம் மன்றாடி வாங்கிய லைன் அது. அவர் குரலை உயர்த்துகிறவர் இல்லை; அன்றும் உயர்த்தவில்லை. புகாரில் அவர் எழுதாமல் விட்ட பதில் இதுதான்: "நன்றி சொல்றதுக்கு நான் என்னா மேடையிலயா நின்னுக்கினு இருக்கேன்? எனக்கு மாலை போட்டாங்களா, சோடா குடுத்தாங்களா?"

ஏழு விரல்

விளக்கம் கேட்டு மெமோ வந்த மறுநாள், திண்டிவனத்தில் ஆள் லீவு என்று என்னை மூன்று நாளுக்கு அங்கே அனுப்பினார்கள். அங்கே பொதுமக்கள் வந்து பேசுகிற கவுண்டர் உண்டு. ஒலக்கூர் பக்கத்திலிருந்து ஒரு அம்மாள் வந்தார். களையெடுப்பிலிருந்து நேராக வந்த கால், சேறு காயவில்லை. கணவர் மெட்ராஸில் ஒரு கிடங்கில் மூட்டை தூக்குகிறார், விழுந்து கையில் அடி என்று கார்டு வந்திருக்கிறது. கிடங்குக்குப் போன் போட்டு அவரைக் கூப்பிட வேண்டும். பெயர் என்ன என்று கேட்டேன். வந்தது வம்பு. கட்டியவர் பெயரை வாயால் சொல்ல மாட்டாராம். ஏழு விரலைக் காட்டினார். அப்புறம் ஜன்னல் வழியாக மயிலம் மலை இருக்கிற திசையைக் காட்டி, கையை மேடாக வைத்தார். "ஏழுமலையா?" என்றேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

லைன் கிடைத்தது, ஆனால் சத்தம் அந்த அம்மாளுக்குக் கேட்கவில்லை. இப்படி ஆகும்போது நாங்களே நடுவில் இருந்து இரண்டு பக்கமும் சொல்வோம். "எங்க கண்ணை வச்சிக்கினு ஏணி ஏறுனாராம், கேளு" என்றார். நான், "ரொம்ப வலிக்கிறதா என்று கேட்கிறார்கள்" என்றேன். "அங்க குந்திக்கினு யாரு சோறு போடுவா, கெளம்பி வரச் சொல்லு" என்றார். நான், "புறப்பட்டு வந்துவிடுங்கள், பக்கத்தில் இருந்து கவனித்துக்கொள்கிறேன் என்கிறார்கள்" என்றேன். அந்தப் பக்கத்திலிருந்து ஏழுமலை, நாளைக்கே வருகிறேன் என்றார். மூன்று நிமிஷம் முடிந்தது. அந்த அம்மாள் போகாமல் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். நன்றி என்ற சொல் வரவில்லை. சொன்னது இது: "இருவது வருசமா குடும்பம் பண்றேன், எங்க ஊட்டுக்காரராண்ட இவ்ளோ பதமா நான் பேசினதே இல்ல கண்ணு."

இடம் மாறியவர்கள்

அன்றைக்கு நோட்டைத் திறந்தேன். எழுதுவதற்கு இடது பக்கம் கை போகவில்லை. வலது பக்கம் எழுதினேன். ஒருவரை எழுதினால் மற்றவர்களுக்கும் அதே நியாயம்தானே? ரைஸ் மில்காரர் சுக்கோடு இடம் மாறினார். "மழை வருது, சீக்கிரம் வீட்டுக்குப் போம்மா" என்ற துணிக்கடைக்காரர் மாறினார். "நீ இருந்தா லைன் கெடைக்குது" என்று சொல்லிவிட்டு 'டக்' என்று வைத்தவர்கூட மாறினார். இடது பக்கம் காலியாகிவிடவில்லை. அங்கே இருக்க வேண்டியவர்கள் இருந்தார்கள், இன்னும் இருக்கிறார்கள். நாற்காலிக்குக் கால் ஆடுகிறது என்று அந்த வாரம்தான் மூன்றாவது மனுவும் கொடுத்தேன். நன்றி பாராட்டினால் மனு எழுதக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், அதுவும் தத்துவம் படித்தவள் ஒப்புக்கொள்ள வேண்டும். தினமும் வலது பக்கத்தில் யாரையாவது எழுத ஆரம்பித்த பிறகு, மாலையில் வரும் தலைவலியைக் காணோம். அம்மா இரண்டு நாள் என்னைக் கவனித்துவிட்டு, நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்: "உடம்புக்கு என்னாடி? வந்ததுலேர்ந்து யாராண்டயும் சண்டை போடல."

விளக்கம்

ஏழாம் நாள் சூப்பர்வைசர் கூப்பிட்டார். "ரெண்டு வரி மன்னிப்பு எழுதிக் குடும்மா, முடிஞ்சு போச்சு" என்றார். கேட்டது குற்றம் என்று எழுத என் கை வராது என்றேன். "எம்.ஏ. படிக்கணும்னு சொன்னியே?" என்றார். அது உண்மை, பயமும் உண்மை. அதற்காகப் பொய் எழுத முடியுமா?

அந்த முதலாளியைப் பற்றி உட்கார்ந்து யோசித்தேன். நான்கு மாதமாகத் தினமும் அவருக்கு லைன் போடுகிறேன். நம்பரை நிதானமாக, இரண்டு தடவை சொல்லுவார். லைன் அறுந்தால் எல்லோரும் என்மேல் பாய்வார்கள். அவர் மட்டும், "சரி, மறுபடியும் பாரும்மா" என்பார். இதை நான் ஒருநாளாவது அவரிடம் சொன்னேனா? விளக்கத்தை எழுதினேன்: 'புகார் உண்மை. நான் நன்றி கேட்டேன். கேட்டதற்கு வருந்தவில்லை. ஆனால் என்னிடம் நம்பரைத் தெளிவாகச் சொல்பவரும், லைன் அறுந்தால் திட்டாதவரும் இந்த ஊரில் இவர் ஒருவர்தான். நான்கு மாதமாக நானும் இவருக்கு நன்றி சொல்லவில்லை. என் பங்கை இதன் மூலம் சொல்லிக்கொள்கிறேன். அவர் பங்கு அவர் இஷ்டம்.'

சூப்பர்வைசர் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு, "மண்டிக்குப் போடு, நானே படிச்சுக் காட்றேன். அவர் சொல்றதுதான் முடிவு" என்றார். போட வேண்டியவளும் நான்தானே. என் வேலையைப் பற்றிய காலுக்கு நானே பிளக் சொருகினேன். லைன் உயிரோடு இருக்கிறதா என்று நடுநடுவே கேட்டுப் பார்ப்பதும் எங்கள் வேலை. அன்று கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தேன். சூப்பர்வைசர் படித்து முடித்தார். மண்டியில் தராசு ஆடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

நன்றிக்கு இந்த ஊரில் பஞ்சமே இல்லை, அந்த வார்த்தைக்குத்தான் பஞ்சம் என்பது என் ஆராய்ச்சி முடிவு. ஆதாரம், அவர் கடைசியில் சொன்ன பதில்:

"புகாரைக் கிழிச்சிடுங்க சார். அந்தப் பொண்ணு இப்பவும் லைன்ல கேட்டுக்கினுதான் இருக்கும், நல்லாக் கேட்டுக்கட்டும்: அது கொரலைக் கேட்டாத்தான் எனக்கு லைன் கெடைக்கும்னு நம்பிக்கையே வருது, ஆனா நன்றி கின்றியெல்லாம் எம் வாயில வராது."