மாமி காது தைக்கப் போன நாள்

மாமியின் இடது காதுச் சோணை இரண்டாகப் பிளந்திருந்தது. முன்னால் ஒரு துண்டு, பின்னால் ஒரு துண்டு, நடுவே ஒரு சிறு இடைவெளி. எனக்கு அறிவு தெரிந்த நாளிலிருந்து அதைப் பார்த்து வந்ததால், மாமிமாருக்குக் காது அப்படித்தான் இருக்கும் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் மனித முகம் வரையச் சொன்னபோது ஒரு காதை முழுதாகவும் மற்றதைப் பிளந்தும் வரைந்துவிட்டு, ரீச்சரிடம் விளக்கம் சொல்ல வேண்டி வந்தது.

மாமி அப்பாவின் தங்கை. நெடுந்தீவில் எங்கள் வளவுக்கு அடுத்த வளவில், தனியாக மாடு வளர்த்துக்கொண்டு வாழ்ந்தார். எங்களுக்கும் அவருக்கும் இடையே முருகைக்கல், அதாவது பவளக்கல், அடுக்கிய ஒரு மதில் மட்டுந்தான். கலியாணமான புதிதில், துள்ளித் திரிந்த இளங்காளை ஒன்றைக் கட்டையில் கட்டக் குனிந்திருக்கிறார். அது தலையைச் சிலுப்பியபோது கொம்பு அவர் காதிலிருந்த வளையத்துக்குள் கொழுவி, வளையத்தோடு சோணையையும் கிழித்துக்கொண்டு போய்விட்டது. மாமா புல்லுக்குள் தேடி வளையத்தை எடுத்துக் கொடுத்து, "சோளகம் அடங்கட்டும், யாழ்ப்பாணம் கூட்டிக்கொண்டுபோய்த் தைப்பிச்சு விடுறன்" என்றாராம். சோளகம் என்பது எங்கள் கடலைப் பொங்க வைக்கும் தென்மேற்குக் காற்று. அந்தச் சோளகம் அடங்குமுன்னரே மாமா நெஞ்சுவலி வந்து இறந்துபோனார்.

பிறகு காதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. பொட்டில்லாத நெற்றிக்குக் கிழிந்த காது பொருத்தமாகவே இருக்கிறது என்று ஊர் எண்ணிக்கொண்டது போலும். மாமியும் மற்றக் காதிலிருந்த வளையத்தைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டுப் பால் கறந்தார். மாடுகளை மேய்ச்சலுக்குச் சாய்த்துக்கொண்டு போனார். மதில் சரிந்த இடங்களில் தன் கையாலேயே கல் அடுக்கினார்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும். பள்ளி விடுமுறைக் காலம். அப்பா கொழும்பில் வேலையில் இருந்தார். ஒரு பின்னேரம் பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அப்பாவுக்கும் மாமிக்கும் மூத்தவர். குடும்பத்தின் நல்லது கெட்டது எல்லாவற்றையும் தானே தாங்குவதாக நம்பியவர். அவருடைய மகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. பால் கொண்டுவந்த மாமி, மாட்டுக்குப் புண்ணாக்கு முடிந்துவிட்டது என்று சொல்லும் அதே குரலில் சொன்னார்:

"வாற கிழமை யாழ்ப்பாணம் போறன். காதைத் தைக்க."

அம்மா தேத்தண்ணி வார்த்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். பெரியப்பா கதிரையில் நிமிர்ந்தார்.

"இப்ப என்ன அவசரம்?"

"அவசரமெண்டில்லை அண்ணை. கனகாலமாய்க் கிழிஞ்சபடி கிடக்கு."

"பிள்ளைக்குக் கலியாணம் பேசுற நேரம். சனம் என்ன கதைக்கும்? ஆருக்குக் காட்டக் காது தைக்கிறாள் எண்டு கேப்பினம்."

மாமி கோபப்படவில்லை. பால் செம்பைக் கழுவிக் கவிழ்த்தார். "மதில் இடிஞ்சால் கல்லடுக்கிறம். வேலி பிஞ்சால் கட்டுறம். அதுகளை ஆருக்குக் காட்டவெண்டு ஆரும் கேக்கிறேல்லை. காதும் என்ர வளவுக்குள்ளதானே அண்ணை இருக்கு."

பெரியப்பா தேத்தண்ணியைத் தொடாமல் எழுந்து போனார். எங்கள் வீட்டில் அது பெரிய சம்பவம். எந்தக் கோபத்திலும் அவர் அதுவரை தேத்தண்ணியை விட்டுவிட்டுப் போனதில்லை.

அந்தக் கிழமை முழுவதும் 'ஆருக்குக் காட்ட' என்ற சொல் ஊருக்குள் நடமாடியது. கிணற்றடியில் கேட்டேன், கடையடியில் கேட்டேன், கோயில் வீதியிலும் கேட்டேன். எனக்கு அதன் பொருள் வேறுவிதமாக விளங்கியது. இவ்வளவு சிரமப்பட்டுத் தைத்த காதைப் பார்க்க ஆளில்லாமல் போய்விடுமே என்று எல்லோரும் கவலைப்படுகிறார்கள் என நினைத்தேன். மாமியிடம் போய், "நீங்கள் யோசிக்காதேங்கோ. நான் ஒவ்வொரு நாளும் வந்து பாப்பன்" என்று வாக்குக் கொடுத்தேன். மாமி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

தனியே போக வேண்டாம் என்றார் அம்மா. "அப்ப நீர் வாருமன் மச்சாள்" என்றார் மாமி. அம்மாவுக்குப் போக விருப்பந்தான். பெரியப்பாவை மீறத்தான் துணிவு வரவில்லை. கடைசியில் என்னைத் துணைக்கு அனுப்புவதாக முடிவாயிற்று. புறப்படும் காலையில் எனக்குத் தலை வாரி இழுத்துக்கொண்டே அம்மா என் காதுக்குள் சொன்னார்: "ஆரும் கேட்டால் பல்லுக்குப் போறம் எண்டு சொல்லு. வேறை ஒண்டும் கதையாதை."

படகில் தெரியாத முகம் ஒன்றுகூட இல்லை. சோளகக் காலமாதலால் கடல் கொந்தளித்தது. தலை சுற்றாமல் இருக்க முகரும்படி மாமி எங்கள் ஊர் எலுமிச்சையான தேசிக்காய் ஒன்றைக் கீறி என் கையில் தந்தார். எதிர் வாங்குப் பலகையில் கடைக்கார அக்கா இருந்தார். எங்கள் சந்தியில் கடை வைத்திருந்தவர். அவருக்குத் தெரிந்த செய்தி மாலைக்குள் தீவின் மறுகரையைத் தொட்டுவிடும்.

"தூரமோ பயணம்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"பல்லுக்கு."

"ஆருக்குப் பல்லு?"

நான் விழித்தேன். அம்மா அதைச் சொல்லித் தரவில்லை. எனக்கென்று சொல்வதா, மாமிக்கென்று சொல்வதா என்று தடுமாறிக்கொண்டிருக்கும்போதே மாமி பேசினார். இயந்திரச் சத்தத்துக்கு மேலாகப் பேச வேண்டியிருந்ததால், கடைசி வாங்கு வரைக்கும் அவர் குரல் கேட்டது.

"பல்லில்லை அக்கா. காது. கிழிஞ்ச காதைத் தைக்கப் போறன்."

பேச்சுகள் ஒவ்வொன்றாக அடங்கின. ஒருவர் இருமினார். யாரோ, "இப்பவோ?" என்றார்கள்.

"ஓம். இப்பத்தான்."

காற்றுக்காகத் தலையில் போட்டிருந்த சேலைத் தலைப்பை மாமி தோளுக்கு இறக்கிவிட்டார். பிளந்த காது எல்லோருக்கும் தெரிந்தது. எனக்கு முகம் சுட்டது. குறிகட்டுவான் இறங்குதுறை வரும்வரை தேசிக்காயையே முகர்ந்துகொண்டு கடலைப் பார்த்தபடி இருந்தேன். அங்கிருந்து பஸ்ஸில் போகும்போதும் மாமியோடு கதைக்கவில்லை. எங்களைக் காட்டிக் கொடுத்துவிட்டாரே என்று எனக்குக் கோபம்.

யாழ்ப்பாணத்தில் ஒரு சிறிய ஆஸ்பத்திரி. டொக்டர் இளம் பெண். காதைத் தொட்டு, விளக்கின் கீழ் திருப்பிப் பார்த்து, சின்ன வேலைதான், இன்றைக்கே செய்யலாம் என்றார். கதிரையில் உட்கார வைத்து, என்ன செய்யப் போகிறார் என்பதை ஒன்றும் ஒளிக்காமல் சொன்னார்.

"கிழிஞ்ச ரெண்டு பக்கமும் தனித்தனியாய் ஆறி, தோல் மூடியிட்டுது. அப்பிடியே சேத்துத் தைச்சால் ஒட்டாது. ஓரத்தை மெல்லிசாய்ச் சீவி, புதுப் புண்ணாக்கித்தான் தைக்கவேணும்."

"ஆறினதைத் திரும்பப் புண்ணாக்கவேணும்."

"ஓம். அப்பத்தான் ரெண்டும் ஒண்டாகும்."

மாமி விரலால் சோணையின் பிளவைத் தடவிப் பார்த்தார்.

"தழும்பு ஒரு கோடு மாதிரித் தெரியும்" என்றார் டொக்டர். "சிலருக்குத் தடிக்கிறதும் உண்டு. முந்தின காது மாதிரியே வருமெண்டு நான் சொல்லமாட்டன்."

"முந்தின காது வேண்டாம் டொக்டர். இந்த வயசுக் காது போதும். செய்யுங்கோ."

"வீட்டுக்காரர் வந்திருக்கிறாரோ? பிறகு பாக்கவேண்டிய விசயங்கள் கொஞ்சம் சொல்லவேணும்."

"அவர் மோசம் போயிட்டார். இவ வந்திருக்கிறா. இவவிட்டச் சொல்லுங்கோ."

டொக்டர் சிரிக்கவில்லை. கதிரையை என் பக்கம் திருப்பி, ஒரு பெரிய ஆளிடம் சொல்வதுபோலச் சொன்னார். காயத்தில் தண்ணீர் படக்கூடாது. தருகிற களிம்பைப் பூச வேண்டும். அந்தப் பக்கமாகச் சரிந்து படுக்கக்கூடாது. சிவந்து வீங்கினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ காத்திருக்காமல் வந்துவிட வேண்டும். ஒரு கிழமை போல ஆனதும் நூல் வெட்ட வர வேண்டும். தைத்துவிட்டது என்று உடனே தோடு போட ஏலாது. மாதக்கணக்கில் பொறுத்து, தழும்பில் குத்தாமல் அதன் பக்கத்தில் குத்த வேண்டும். பிறகும் பாரமானது ஒன்றும் போடக்கூடாது. வாய்ப்பாட்டைப் போல நான் எல்லாவற்றையும் மனதுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டேன். மாமி மீதிருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

மாமியைக் கட்டிலில் படுக்கவைத்து, கதவோரமாக இருந்து பார்க்க என்னை விட்டார்கள். விறைக்க வைக்கும் ஊசி சோணைக்குள் இறங்கியபோது மாமியின் கால் பெருவிரல் மட்டும் ஒருமுறை மடங்கி நிமிர்ந்தது. சிறிது நேரத்தில், "காது எங்கேயோ போயிட்டுது டொக்டர்" என்றார். அதன்பின் வலி இல்லை. டொக்டர் மாடுகளின் குணங்களைப் பற்றிக் கேட்க, மாமி சாவகாசமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தலைமயிரைவிட மெல்லிய கறுப்பு நூல் மேலும் கீழும் போய்வந்தது. நான் பயப்படத் தொடங்குமுன்பே வேலை முடிந்துவிட்டது.

திரும்பும்போது காற்று இன்னும் கூடியிருந்தது. படகின் ஓரத்தில் இடம் கிடைத்ததால் அலை தெறித்துக்கொண்டிருந்தது. தண்ணீர் படக்கூடாதே. நான் குடையை விரித்து மாமியின் இடது பக்கத்தில் சரித்துப் பிடித்தேன். காற்று என்னையும் குடையையும் சேர்த்து இழுத்தது. அப்போது உள்பக்கத்து வாங்கிலிருந்து கடைக்கார அக்கா எழுந்தார். அவரும் வேலையை முடித்துக்கொண்டு அதே படகில் திரும்பிக்கொண்டிருந்தார்.

"இஞ்சால வந்து இரும். அங்க தண்ணி அடிக்கும்."

மாமி உள்ளே நகர்ந்ததும், அக்கா மெல்லக் கேட்டார்: "நொந்ததோ?"

"ஊசி மட்டும் கொஞ்சம்."

கடைக்கார அக்கா அங்குமிங்கும் பார்த்தார். பிறகு தலையில் போட்டிருந்த சேலையைச் சற்று விலக்கினார். பாரமான தோடு போட்டுப் போட்டு இரண்டு காதுகளின் துளைகளும் நீளமாக இழுபட்டு, அறுந்துவிழ ஒரு நூலளவுதான் மீதி இருந்தது.

"இதையும் தைப்பினமோ?"

காலையில் படகு முழுவதற்கும் கேட்கும்படி சொன்ன மாமி, இப்போது பக்கத்திலிருந்த எனக்கே மட்டுமட்டாகக் கேட்கும் அளவுக்குக் குரலைத் தாழ்த்தினார். "ஓம் அக்கா. தைப்பினம். நல்ல பிள்ளை அந்த டொக்டர்."

அடுத்து வந்த நாட்களில் நான் மாமிக்குக் கொடுங்கோல் தாதியாக இருந்தேன். கிணற்றடியில் காவல் நின்றேன். பால் கறக்கும்போது மாட்டின் தலைக்கும் மாமியின் தலைக்கும் நடுவே நின்று, இருவரிடமும் ஏச்சு வாங்கினேன். மாடு ஏசியது என்பதை நான் உறுதியாகச் சொல்வேன். நூல் வெட்டிய பிறகு காதில் சிவந்த கோடொன்று இருந்தது. மாரி மழை வந்து போனபோது அது வெளிறிவிட்டது. இன்னும் சில மாதங்கள் பொறுத்து, டொக்டரே கோட்டுக்குப் பக்கத்தில் துளை போட்டுவிட்டார். மாமி பழைய வளையங்களைப் போடவில்லை. மிளகளவான சின்னத் தோடு ஒரு சோடி போட்டுக்கொண்டார்.

கடைக்கார அக்காவும் ஒருநாள் இரண்டு காதுகளிலும் கட்டோடு படகிலிருந்து இறங்கினார். கேட்டவர்களிடம் பல்லு என்று சொன்னார். அது மாமியின் முன்னாலேயே நடந்தது. மாமி முகத்தில் ஒன்றும் காட்டாமல், "பல்லுவலி பொல்லாதது" என்று ஒத்துக்கொண்டார்.

பெரியப்பாவின் மகளுக்குப் புளியங்கூடலில் மாப்பிள்ளை பொருந்தியது. வந்தவர்கள் வேறு பலவற்றைக் கேட்டார்கள். மாமியின் காதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. கலியாண வீட்டில் பலகாரத் தட்டோடு போன மாமியை நிறுத்தி, அத்தனை மாதங்களுக்குப் பிறகு முதல்முறையாகப் பெரியப்பா அந்தக் காதை உற்றுப் பார்த்தார். மதில் அடுக்கியவனின் வேலையைப் பார்ப்பது போலத் தலையைச் சரித்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் தைச்சிருக்கிறான்" என்றார்.

"தைச்சது பொம்பிளை டொக்டர், அண்ணை."

"அதுதானே பாத்தன்" என்று சொல்லிவிட்டு அவர் ஒரு பலகாரத்தை எடுத்துக்கொண்டார்.

இப்போது நான் யாழ்ப்பாணத்தில் வேலை பார்க்கிறேன். விடுமுறைக்கு ஊருக்குப் போக அந்தக் கடலைத் தாண்டும்போதெல்லாம், தெரிந்த முகங்களுக்கு நடுவே வாங்கில் ஒடுங்கி உட்காரும்போதெல்லாம், மாமிக்கு அன்று என்ன வயது என்று கணக்குப் பார்ப்பேன். இன்றைய என் வயதைவிட ஏழெட்டுக் கூட இருக்கலாம், அவ்வளவுதான். அப்போது எனக்கு அவர் மிகப் பெரிய ஆள்.

அந்த வருட விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கியதும் நான் வகுப்பில் வீரக்கதை சொன்னேன். ஊசி எவ்வளவு நீளம், கத்தி எப்படி மினுங்கியது, மாமி ஒரு சொட்டுக் கண்ணீரும் விடாமல் எப்படிப் படுத்திருந்தார் என்றெல்லாம் சொன்னேன். கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். ஒவ்வொரு முறையும் ஊசி கொஞ்சம் வளர்ந்தது. எங்கள் தீவிலேயே மாமியைப் போலத் துணிந்த ஆளில்லை என்று முடிப்பேன்.

படகில் மாமி எல்லோருக்கும் முன்னால் தலைப்பை இறக்கிவிட்டதை மட்டும் சொல்லவில்லை. அதில் சொல்ல ஏதாவது இருப்பதாக எனக்கு அப்போது தெரியவில்லை.