நியோவின் காதில் ஊறிய பேச்சு

ரனோங் துறைமுகத்தில் லமாய் பெரியம்மாவின் சோற்றுக்கடையில் பாத்திரம் கழுவ வந்தவள் நியோ. அக்கரையிலிருந்து வந்த பர்மாக்காரி. வந்து ஒரு வருஷமாகியும் தாய்லாந்துப் பேச்சில் ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து உதிரவில்லை. தலையாட்டுவாள், சிரிப்பாள், அவ்வளவுதான்.

படகு வேலைக்குப் போகும் அவள் புருஷன் தெய்னுக்கு இது மானக்கேடு. அவன் வார்த்தைகளை மூட்டை மூட்டையாக மனப்பாடம் செய்கிறவன்.

"தெனமும் உருப்போட்டாத்தான் பாஷை வரும். நீ வாயில மீனைக் கவ்வின பூனையாட்டம் இருக்க!"

"கேட்டுக்கிட்டுதானே இருக்கேன். வர்றப்ப வரும்."

"கேட்டுக் கேட்டுக் கிழவியாகிடு!"

அதே தெய்ன் சந்தையில் மிளகாய் வாங்கப் போனபோது வார்த்தையெல்லாம் தொண்டையில் அடைத்துக்கொண்டது. கையைக் காட்டித்தான் வாங்கிவந்தான். பேச்சு காது வழியாக இறங்கி, உள்ளே ஊறி, அப்புறம்தான் நாக்குக்கு வரும். பிள்ளைகள் எல்லாம் அப்படித்தானே பேசக் கற்றுக்கொள்கின்றன? யார் மறுத்தாலும் சரி, அதுதான் உண்மை.

பெரியம்மாவின் மகளுக்கு வெளியூரில் பிரசவம். கடையைத் தம்பி பெண்டாட்டியிடம் விட்டுப் போவதாகப் பேச்சு. அவளுக்குப் பர்மாக்காரர்களைக் கண்டாலே ஆகாது. அவள் வந்தால் நியோ வேலையை விட்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

"நான் பாத்துக்கறேன், பெரியம்மா" என்றாள் நியோ, தாய்லாந்துப் பேச்சிலேயே.

பெரியம்மா கையிலிருந்த கரண்டி குழம்புக்குள் விழுந்தது. "அடியே, உனக்கு வாய் இருக்கா! சரி, பாரு. ஆனா ஒருத்தன் கோவிச்சுக்கிட்டுப் போனாலும் கடை தம்பி பெண்டாட்டிக்குத்தான்."

மறுநாள் காலை முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார் துறைமுகக் குமாஸ்தா விச்சியன். நியோ தட்டை ணங்கென்று வைத்தாள்.

"வாடா, இப்பத்தான் விடிஞ்சுதா உனக்கு? மொதல்ல கையைக் கழுவு. கீரையை ஒதுக்கினே, கரண்டி பேசும்!"

படகுக்குப் போகும் வழியில் எட்டிப்பார்த்த தெய்ன் தலையில் கைவைத்துக்கொண்டான். பாவம், அவள் காதில் விழுந்ததெல்லாம் பெரியம்மா திட்டிக்கொண்டே சோறு போடும் பேச்சுதான். வந்தவரை வரவேற்பதே அப்படித்தான் என்று நினைத்திருந்தாள்.

விச்சியன் முறைத்தார். அப்புறம் குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டே எழுந்துபோய்க் கையைக் கழுவினார்.

மதியச் சோற்றுக்கும் வந்திருந்த அவருக்கே பெரியம்மா மகள் ஊரிலிருந்து போன் போட்டாள். "யாராவது ஓடிட்டாங்களா?"

"எங்க ஓடுறது? நீ இல்லாத நேரமாச்சே, நிம்மதியாத் திங்கலாம்னு வந்தோம். திட்டு கொஞ்சமும் குறையல. குழம்புல மட்டும் புளி தூக்கல்."

"அப்ப சரி, பேரப்புள்ள தவழ்ற வரைக்கும் நான் இங்கயே இருந்துட்டு வர்றேன். கடை அவகிட்டயே இருக்கட்டும்."

நியோ அவர் கையிலிருந்த போனைப் பிடுங்கினாள். "நேரத்துக்குச் சோறு தின்னு! கருவாடாட்டம் வந்து நின்னே, கடைக்குள்ள விடமாட்டேன்."